சின்ன மாமியே: எந்தப் படத்திலிருந்து வந்த பாட்டு?

கேள்வி கேட்டவர் எழுதியிருப்பதன் சுருக்கம் இது: "பாம்பனில் நண்பர் வீட்டுக் கல்யாணத்துக்குப் போயிருந்தேன். 'சின்ன மாமியே' என்று ஒரு பாட்டு போட்டதும் பாட்டியிலிருந்து பேத்தி வரை எழுந்து ஆடினார்கள். இது எந்தப் படத்துப் பாட்டு? யார் எழுதியது? இவ்வளவு பழைய பாட்டு இராமநாதபுரம் கடற்கரையில் மட்டும் இன்னும் எப்படி ஓடுகிறது?"

இது எந்தப் படத்துக்காகவும் எழுதிய பாட்டு இல்லை. யாழ்ப்பாணத்து உரும்பிராயைச் சேர்ந்த நித்தி கனகரத்தினம் தானே எழுதி, தானே மெட்டுப் போட்டு, தானே பாடியது. பின்னாளில் அவர் ஆஸ்திரேலியாவின் மெல்பர்னில் குடியேறிவிட்டார். 'கள்ளுக்கடைப் பக்கம் போகாதே' பாட்டும் அவருடையதுதான். இலங்கைத் தமிழர்கள் இந்த வகையைப் 'பொப்' பாட்டு என்பார்கள், 'துள்ளிசை' என்றும் ஒரு பெயர் உண்டு. துள்ளிசை என்ற பெயர்தான் எனக்குப் பிடித்தது, பாட்டு செய்கிற வேலையை அப்படியே சொல்லிவிடுகிறது. கடைசிக் கேள்விக்குத்தான் நீளமாகப் பதில் சொல்ல வேண்டும்.

எனக்கு ஊர் தங்கச்சிமடம். இருபத்து நாலு வருஷம் ஆர்க்கெஸ்ட்ராவில் கீபோர்டு வாசித்தேன். தொண்டியில் தொடங்கி தேவிபட்டினம், பெரியபட்டினம், கீழக்கரை, மூக்கையூர் வரைக்கும் மேடை போடாத ஊர் குறைவு. சர்ச் திருவிழா, சந்தனக்கூடு, முளைப்பாரி, கல்யாணம், காதுகுத்து எல்லாவற்றுக்கும் போயிருக்கிறோம். அதனால் இந்தப் பாட்டை எத்தனை தடவை வாசித்தேன் என்று கணக்கே இல்லை. அப்படி வாசித்த நானே முதல் ஏழெட்டு வருஷம் மைக்கில் என்ன சொல்வேன் தெரியுமா? "அடுத்து, சிலோன் மனோகர் பாடிய சின்ன மாமியே!" கூட்டமும் கைதட்டும். எல்லாருக்கும் அப்படித்தான் தெரியும். சிலோன் என்றால் மனோகர், மனோகர் என்றால் சிலோன் பாட்டு. அதற்கு மேல் யார் தோண்டினார்கள்?

ஒருமுறை மண்டபத்தில் ஒரு கோயில் திருவிழா. பாட்டு முடிந்ததும் இலங்கை அகதிகள் முகாமிலிருந்து வந்திருந்த பெரியவர் ஒருவர் மேடைப் பக்கம் வந்து என் கையைத் தொட்டார். "தம்பி, குறை நினைக்காதையும். அது மனோகரின்ர பாட்டில்லை. எங்கட நித்தியின்ர பாட்டு" என்றார். கோபமே இல்லை. வீட்டு விலாசத்தைத் தப்பாகச் சொன்னவனைத் திருத்துகிற மாதிரி சொன்னார். எனக்குத்தான் முகம் சுருங்கிவிட்டது. அன்றிலிருந்து பெயரைச் சரியாகச் சொல்லிவிட்டுத்தான் தொடங்குவேன். அப்போதும் முன்வரிசையில் யாராவது "யாரு அது?" என்று கேட்பார்கள்.

சரி, பாட்டு எங்கள் கரைக்கு எப்படி வந்தது? முதலில் ரேடியோவில்.

தனுஷ்கோடி முனையிலிருந்து தலைமன்னார் ஏறக்குறைய முப்பது கிலோமீட்டர்தான். எங்களுக்கு மதுரையைவிடக் கிட்டத்தில் இருப்பது இலங்கை. தூரம் மட்டும் காரணம் இல்லை. ரேடியோவின் மத்திய அலை தரையின் மேல் போகிறபோது சீக்கிரம் வலுவிழந்துவிடும். கடல்நீர் உப்பாக இருப்பதால் மின்சாரத்தை நன்றாகக் கடத்தும், அதன் மேல் அதே அலை வெகுதூரம் வலுக்குறையாமல் போகும். இடையில் முழுக்கக் கடல் என்பதால் இலங்கை நிலையம் அப்போது எங்கள் வீட்டு டிரான்சிஸ்டரில் பக்கத்து வீட்டுப் பேச்சு மாதிரி விழும். நம் ஊர் நிலையத்தைப் பிடிக்கத்தான் ரேடியோவைத் திருப்பித் திருப்பி வைக்க வேண்டும்.

அதற்கு முன்பே ஒரு சங்கதி நடந்திருந்தது. 1952 வாக்கில் அகில இந்திய வானொலி சினிமாப் பாட்டை ஓரங்கட்டியது. 1957-இல் விவித் பாரதி வந்து அதைச் சரிசெய்வதற்குள் இந்தியா முழுக்க ஜனங்கள் ரேடியோ சிலோன் பக்கம் போய்விட்டார்கள். தமிழில் மயில்வாகனனில் தொடங்கி கே.எஸ். ராஜா, ராஜேஸ்வரி சண்முகம், பி.எச். அப்துல் ஹமீத் என்று அறிவிப்பாளர்களே நட்சத்திரங்கள் ஆனார்கள். சினிமாப் பாட்டு கேட்கத்தான் நாங்கள் அங்கே போனோம். நடுநடுவே அவர்கள் ஊர்ப் பாட்டையும் போட்டார்கள். கடைக்குப் போனவனுக்குக் கொசுறு கிடைத்த கதை. அந்தக் கொசுறில் வந்ததுதான் சின்ன மாமி.

அப்புறம் கப்பல். 1914-இல் பாம்பன் பாலம் திறந்ததிலிருந்து தனுஷ்கோடி வரை ரயில், அங்கிருந்து தலைமன்னாருக்குக் கப்பல். 1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடி அழிந்தபின் ராமேஸ்வரத்திலிருந்து கப்பல் ஓடியது. எண்பதுகளின் தொடக்கம் வரை அந்தப் போக்குவரத்து இருந்தது. போய்வந்தவர்கள் கைலியும் ராணி சோப்பும் கொண்டுவருவார்கள். இசைத்தட்டும் வரும். அதோடு வாயில் பாட்டும் வரும், அதற்குச் சுங்கமும் கிடையாது. 1983-க்குப் பிறகு அகதிகளாக வந்தவர்கள் வழியாகவும் அதே பாட்டு இன்னொரு தடவை கரையேறியது. ரேடியோவில் எங்கள் காதுக்குத் தப்பாக விழுந்த சொற்களை அவர்கள்தான் திருத்திக் கொடுத்தார்கள்.

ஆனால் ரேடியோவில் வந்த பாட்டெல்லாம் நிற்கவில்லையே. அந்தக் காலத்தில் இலங்கையிலிருந்து எத்தனையோ பொப் பாட்டு வந்தது. நிலவைப் பார்த்துப் பாடிய காதல் பாட்டுகளும் இருந்தன, சில நல்ல மெட்டும்கூட. எங்கள் கரையில் அவை தங்கவில்லை. நிலா, தென்றல், காதலி என்றால் அதற்கு எங்களிடம் விஸ்வநாதனும் கண்ணதாசனும் இருந்தார்கள், அந்தப் போட்டியில் யார் ஜெயிக்க முடியும்? சினிமா தராத ஒன்றைத் தந்த பாட்டுதான் தங்கியது. அது என்ன என்பதில்தான் எனக்கு ஒரு உறுதியான எண்ணம் உண்டு.

முதலில் தாளம். இந்தப் பாட்டுகளில் பைலா வாடை தூக்கலாக இருக்கும். பைலா என்பது போர்ச்சுகீசியரின் ஆடுவதைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்த பெயர். இலங்கைக்கு வந்து சேர்ந்த ஆப்பிரிக்க வம்சாவளியினரும் போர்ச்சுகீசிய வம்சாவளியினரும் ஆடிய கஃப்ரிஞ்ஞா தாளத்தை எடுத்து, வாலி பாஸ்டியன் என்கிற பாடகர் சிங்களத்தில் அதைப் பெரிதாக்கினார். ஆறு தட்டு, மூன்று மூன்றாகப் பிரியும். நம் பாஷையில் திஸ்ர நடை. கும்மியும் கோலாட்டமும் பாதிக்கு மேல் அந்த நடையில்தான். நையாண்டி மேளக்காரர் தவிலில் அதைத் தொட்டால் கால் தானாக அசையும். ஆக, கடல் தாண்டி வந்த தாளம் எங்கள் பெண்களின் காலுக்கு அந்நியமே இல்லை. புதுச் செருப்பு வாங்கி அது முதல் நாளே கடிக்காமல் இருந்தால் எப்படி இருக்கும்? அப்படி.

வாசிக்கிறவன் பக்கத்திலிருந்து ஒன்று சொல்ல வேண்டும். மூன்று கார்டு, அதாவது சேர்த்து வாசிக்கிற மூன்று சுரக்கூட்டு, தெரிந்தால் போதும், இந்தப் பாட்டை ஒப்பேற்றிவிடலாம். கிடார் பழகுகிற பையனுக்கு இரண்டாவது வாரத்தில் கைவரும். பேண்ட் செட்டில் டிரம்பெட் ஊதுகிறவர் ஒத்திகையே இல்லாமல் ஊதுவார். இளையராஜா பாட்டை மேடையில் எடுக்க வேண்டுமென்றால் எங்கள் குழுவுக்கு ஒரு வாரம் தூக்கம் போகும், வயலின் இல்லையென்றால் பாட்டே நிற்காது. இதற்கு ஒரு தகரடப்பா போதும். படகு மேல்தட்டில் ஐஸ்பெட்டியைத் தட்டிக்கொண்டே பாடுகிறார்கள், நான் கேட்டிருக்கிறேன். பாட்டு நீடிக்க இப்படி எளிமையாக இருப்பது எவ்வளவு பெரிய பலம் என்பது வாசித்தவனுக்குத்தான் தெரியும்.

இரண்டாவது, உறவுமுறை. ஒரு பையன் சின்ன மாமியிடம் வந்து உன் மகள் எங்கே, பள்ளிக்கா போனாள் என்று கேட்கிறான். மாமி "வாடா மருமகா" என்று பதில் சொல்கிறாள். மொத்தப் பாட்டும் இந்த வாக்குவாதம்தான். மாமியாரை நேருக்கு நேர் கேலி செய்ய நம் ஊரில் யாருக்கு உரிமை? முறை மாப்பிள்ளைக்குத்தான். உள்நாட்டுப் பக்கம் 'அத்தை' என்று கூப்பிடுவார்கள். கரையோரத்து முஸ்லிம் வீடுகளிலும் கிறிஸ்தவக் கடலோடி வீடுகளிலும் 'மாமி' என்பது நித்தம் வாயில் புழங்கும் சொல். யாழ்ப்பாணத்துக்காரர் எழுதிய பாட்டை ஒரு சொல்கூட மாற்றாமல் எங்கள் வீட்டுக்குள் கூட்டிவர முடிந்தது. மதுரை மேடையில் இதே பாட்டைப் பாடியிருக்கிறோம். ரசித்தார்கள், ஆடவும் செய்தார்கள். ஆனால் "மாமியே" என்று இழுக்கும்போது கூட்டம் திரும்பி ஒரு குறிப்பிட்ட அம்மாவைப் பார்த்துச் சிரிக்கிற சிரிப்பு இருக்கிறதே, அது எங்கள் கரையில்தான் வரும்.

மூன்றாவதுதான் முக்கியம் என்பேன். இந்தப் பாட்டில் இடம் விட்டிருக்கிறது.

கரைவலை இழுப்பதைப் பார்த்திருக்கிறீர்களா? இரண்டு பக்கமும் ஆட்கள் கயிற்றைப் பிடித்து நின்று, கடலில் கிடக்கும் வலையைக் கரைக்கு இழுப்பார்கள். மணிக்கணக்கில் ஆகும். அப்போது பாடுவதுதான் அம்பா. ஒருத்தர் வரி எடுத்துக் கொடுப்பார், மற்றவர்கள் "ஏலேலோ" என்றோ "ஐலசா" என்றோ வாங்கி இழுப்பார்கள். வலை வந்து சேரும்வரை பாட்டு முடியக் கூடாது. எடுத்துக் கொடுக்கிறவர் அதற்காக அன்றைக்கு என்ன கண்ணில் படுகிறதோ அதையெல்லாம் வரியாக்குவார். கஞ்சத்தனமான சம்மாட்டியும் (படகு, வலைக்குச் சொந்தக்காரர்) மாட்டுவார், முந்தாநாள் சண்டை போட்ட புருஷன் பெண்டாட்டியும் மாட்டுவார்கள், மீன் கூடையோடு காத்திருக்கும் பெண்களும் மாட்டுவார்கள். யாரும் கோபித்துக்கொள்ளக் கூடாது, அது விதி. இப்போது விசைப்படகும் வலை இழுக்கிற விஞ்சு இயந்திரமும் வந்தபின் அம்பா பாடுகிறவர்கள் வெகுவாகக் குறைந்துவிட்டார்கள். ஆனால் கேள்விக்குப் பதில் சொல்லி, பதிலில் ஒரு குத்து வைத்து, கூட்டம் திருப்பி வாங்கிப் பாடுகிற அந்தப் பழக்கம் உடம்பில் இருக்கிறது. சின்ன மாமியும் அதே கட்டுமானம்தான். ஒரு கேள்வி, ஒரு பதில், மறுபடி அதே பல்லவி. நடுவில் யார் வேண்டுமானாலும் வரி சேர்க்கலாம்.

சேர்த்தார்கள். தங்கச்சிமடத்தில் ஒரு கல்யாணத்தில் மகள் பள்ளிக்கூடம் போகவில்லை, ராமநாதபுரத்துக்குக் கம்ப்யூட்டர் கிளாஸ் போனாள். கீழக்கரையில் மருமகன் துபாயிலிருந்து வந்து கேட்டான், மாமி முதலில் பெட்டியில் என்ன இருக்கிறது என்று விசாரித்தாள். மீன்பிடித் தடைக்காலத்தில் நடந்த ஒரு கல்யாணத்தில் மருமகனிடம் காசே இல்லை என்று மாமி விரட்டினாள். ஏப்ரல் 15-இலிருந்து ஜூன் 14 வரை விசைப்படகு கடலுக்குப் போக முடியாது என்பதால் அந்தக் கேலியில் உண்மையும் இருந்தது. இதையெல்லாம் யார் எழுதினார்கள்? மைக்கை வாங்கின யாரோ ஒரு மச்சான். எழுதியவர் கேட்டிருந்தால் கோபப்பட்டிருப்பாரா சிரித்திருப்பாரா தெரியாது, நான் சிரித்திருப்பார் என்று வைத்துக்கொள்கிறேன்.

இப்படி ஆயிரம் பேர் கைவைக்கிற பாட்டுக்கு ஒரு கஷ்டமும் வருகிறது. எழுதியவர் பெயர் உதிர்ந்துவிடும். சினிமாப் பாட்டென்றால் படத்தின் பெயர் ஒட்டிக்கொண்டிருக்கும், அதைப் பிடித்து ஆளைக் கண்டுபிடிக்கலாம். இதற்கு அந்தப் பிடிமானம் இல்லை. இதை எங்கள் ஊர்ப் பிள்ளைகள் 'நாட்டுப்புறப் பாட்டு' என்றே சொல்கிறார்கள். தலைமுறை தலைமுறையாக வந்ததாம். எழுதியவர் நம் காலத்து மனிதர் என்றால் நம்ப மாட்டேன் என்கிறார்கள்.

'கள்ளுக்கடைப் பக்கம் போகாதே' பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். காலைப் பிடித்துக் கெஞ்சிக் குடிக்காதே என்று கேட்கிற பாட்டு. யாழ்ப்பாணமும் பனங்காடு, நாங்களும் பனங்காடு. சாயல்குடிப் பக்கம் போனால் கண்ணுக்கு எட்டினவரை பனைதான். கள்ளுக்கடை என்றதும் இரண்டு கரையிலும் ஒரே படம்தான் மனதில் வரும். தமிழ்நாட்டில் 1987 ஜனவரியில் கள்ளுக்கடையை மூடிவிட்டார்கள். பிறகு வந்த பிள்ளைகள் கள்ளுக்கடையைக் கண்ணால் பார்த்ததே இல்லை, பாட்டு மட்டும் ஓடுகிறது. வேடிக்கை என்னவென்றால், மேடையில் இந்தப் பாட்டு வேண்டும் என்று சீட்டு எழுதி அனுப்புகிறவர் பெரும்பாலும் நன்றாகப் போட்டுவிட்டு வந்தவராகத்தான் இருப்பார். கெஞ்சுகிற வரியை அவரே கண்ணீர் மல்கப் பாடுவார். அவர் வீட்டுக்காரம்மா தூரத்தில் உட்கார்ந்திருப்பாள். அந்த முகத்தை நான் பார்க்காமல் கீபோர்டைப் பார்த்துக்கொள்வேன்.

சிலோன் மனோகர் பெயரை இழுத்துவிட்டதால் அவரையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் அவருக்கு அநியாயம். ஏ.இ. மனோகரன் என்பது முழுப்பெயர். 'சுராங்கனி' அவர் பாடிப் பரப்பியது. படங்களிலும் நடித்தார், 2018 ஜனவரியில் சென்னையில் காலமானார். சுராங்கனியை 1977-இல் 'அவர் எனக்கே சொந்தம்' படத்தில் இளையராஜா எடுத்துக்கொண்டபின் அது தமிழ்நாடு முழுக்கப் போனது. உள்நாட்டில் பலர் 'மாலு மாலு' என்பதை லாலா லாலா மாதிரி அர்த்தமில்லாத ஓசை என்று நினைத்துப் பாடினார்கள். எங்கள் கரையில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும், மாலு என்றால் சிங்களத்தில் மீன். சுராங்கனிக்கு மீன் கொண்டு வந்திருக்கிறேன் என்கிறான். மீன் விற்கிற ஊரில் இதைவிட நேரான காதல் பாட்டு உண்டா? இருந்தாலும் இலங்கையில் சண்டை உச்சத்தில் இருந்த வருஷங்களில் சில ஊர்க் கமிட்டிக்காரர்கள் அந்தப் பாட்டு வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுவார்கள். சிங்கள வரி காதில் விழுந்தால் மனசு ஒப்பவில்லை என்பார்கள். எங்களுக்கும் புரிந்தது, பட்டியலிலிருந்து எடுத்துவிடுவோம். அந்த வருஷங்களிலும் சின்ன மாமிக்கு யாரும் தடை சொன்னதில்லை. அந்த இடைவெளியில் சின்ன மாமி முந்திக்கொண்டாள் என்பது என் கணிப்பு.

இப்போதைய பிள்ளைகளில் சிலர் கேட்கிறார்கள்: படிக்கப் போன பெண்ணை எங்கே எங்கே என்று துரத்துகிற பாட்டை எதற்கு ஆட வேண்டும்? நியாயமான கேள்விதான். பழைய பாட்டென்பதற்காக எல்லாவற்றையும் தலையில் வைத்துக்கொள்ளத் தேவையில்லை. நான் கவனித்த ஒன்றை மட்டும் சொல்கிறேன். எண்பதுகளில் மருமகன் வரிகளைத்தான் கூட்டம் சத்தமாகப் பாடும், மாமி வரி வந்தால் ஆம்பிளைகளே குரலை மாற்றிக் கீச்சுக்குரலில் பாடிச் சிரிப்பார்கள். இப்போது மாமி வரிகளைப் பெண்கள் எடுத்துக்கொண்டார்கள். "படிக்கத்தான் சென்றாள்" என்கிற இடத்தில் அவர்கள் சத்தம் ஸ்பீக்கரைத் தாண்டுகிறது. சொல் மாறவில்லை, அழுத்தம் விழுகிற இடம் மாறிவிட்டது.

கேட்க வேண்டுமானால், குத்துத்தாளம் சேர்த்து வேகமாக்கிய புதுப் பதிவுகளை விட்டுவிட்டு நித்தி கனகரத்தினம் தானே பாடிய பதிவைத் தேடுங்கள். இணையத்தில் கிடைக்கிறது. இன்றைய டிஜே பெட்டியில் வருவதைவிட நிதானமாக இருக்கும், யாழ்ப்பாண உச்சரிப்பு தெளிவாகக் கேட்கும். நீங்கள் போன பாம்பன் கல்யாணத்தில் அவர்கள் ஆடியது எந்தப் பதிவுக்கு என்று தெரியவில்லை. ஆனால் ஒன்று கேட்க மறந்துவிட்டேன்: பாட்டு நடுவில் மைக்கை யாராவது பிடுங்கினார்களா? பிடுங்கியிருந்தால் அவர் சேர்த்த வரி என்ன என்று எழுதுங்கள், என் நோட்டில் பாம்பன் வரி இன்னும் ஏறவில்லை.